குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரத்தில் அரசு வீடு ஏன் கட்டுவதில்லை? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

லைன்வீட்டு மகள் (குன்னூர்):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வருகிற மே மாதத்தோடு எஸ்டேட் வேலை முடிகிறது. 31 வருடம் கொழுந்து பறித்தவர். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த காலத்திலிருந்தே வேலையில் இருக்கிறவருக்குத்தான் நிர்வாகம் வீடு தர வேண்டும் என்று இருக்கிறது, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகு எங்கே போய்ப் படுப்பது என்பது நம் பாடு. கிராஜுவிட்டி வருடத்துக்கு 15 நாள் கூலி என்று கணக்கு, 31 வருடத்துக்கு 465 நாள் கூலி வரும். அதை வைத்து டவுனுக்குள் நிலம் என்ற பேச்சையே எடுக்க முடியாது. வாடகைக்குப் போகலாம் என்று நான்கு மாதமாக அலைகிறேன். முன்பு குடும்பங்களுக்கு விட்டிருந்த சின்னச் சின்ன வீடுகளை எல்லாம் இப்போது டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு மாற்றிவிட்டார்கள், மிச்சம் இருப்பதற்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். எனக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி எட்டரைக்குத்தான் ஷட்டர் இறங்கும்.

போன வருடம் ஒரு அரசுக் குடியிருப்பில் வீடு காலியாக இருக்கிறது, பயனாளி பங்கைக் கட்டினால் கிடைக்கும் என்று சொன்னார்கள். இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நானும் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். டவுனிலிருந்து 11 கிலோமீட்டர். வீடு நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது, டைல்ஸ் போட்டு, தனி கக்கூஸ், சமையல் மேடை எல்லாம் உண்டு. ஆனால் பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டு வாசலுக்கு 164 படி. அம்மா எண்ணிக்கொண்டே இறங்கினார், பாதியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டார், இத்தனை வருடம் சரிவில் ஏறி இறங்கிய முழங்கால் அது. அங்கே குடியிருக்கிற ஒரு அக்கா காலி சிலிண்டரைத் தலையில் சும்மாடு வைத்து ஏற்றிக்கொண்டு வந்தார், நிறைந்த சிலிண்டரை இறக்க ஆள் கூலி தனியாகக் கொடுக்க வேண்டுமாம், கேஸ் வண்டி மேலேயே நின்றுவிடும். கடைசி பஸ் ஏழு பத்துக்கு. நான் கடையிலிருந்து இறங்குவதே எட்டரைக்கு. ஆட்டோவுக்கு 350 ரூபாய் கேட்டார்கள். நடக்கலாம் என்றால் இருட்டினால் அந்தப் பாதையில் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும், இது மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் குடியிருப்பில் பல வீடு பூட்டிக் கிடக்கிறது. வீடு இல்லாதவர்கள் டவுனில் ஒண்டுக் குடித்தனம், அரசு காசில் கட்டிய வீடு மலைச்சரிவில் பூட்டிக் கிடப்பு.

என் கேள்வி இதுதான். இத்தனை லட்சம் போட்டு அங்கே கட்ட முடிகிற அரசாங்கத்தால் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, அல்லது வெலிங்டன், அருவங்காடு மாதிரி பஸ்ஸும் ரயிலும் உள்ள இடத்தில் 40 வீடாவது ஏன் கட்ட முடியவில்லை? எந்த இடத்தில் கட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? வீட்டுக்கான பணம் எப்படி வருகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனு எழுதப் போகிறேன், விவரம் தெரிந்து எழுத வேண்டும்.


பழைய ஓவர்சியர் (ஊட்டி):

அம்மிணி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் முப்பது வருடம் அரசுக் கட்டட வேலைகளில் ஓவர்சியராக இருந்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டுத் திட்டங்களில் பணம் தலைக்கு இவ்வளவு, அதாவது வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் வரும். 2015-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் சொந்த நிலம் உள்ளவர் தானே கட்டிக்கொண்டால் மத்திய அரசு ஒன்றரை லட்சம், நம் மாநிலம் 60 ஆயிரம், ஆக 2 லட்சத்து 10 ஆயிரம். 2024 செப்டம்பரில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது, அதில் மத்திய அரசு அதே ஒன்றரை, மாநிலம் குறைந்தது ஒரு லட்சம் போட வேண்டும், ஆக இரண்டரை. வருட வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஊராட்சிப் பகுதி என்றால் 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் இருக்கிறது, 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம். அடுக்குமாடி என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (நாம் இன்னும் குடிசை மாற்று வாரியம் என்றுதான் சொல்கிறோம், 1970-இல் ஆரம்பித்தது) கட்டும், மத்திய மானியம் போக மாநிலப் பங்கு கொஞ்சம், மீதி பயனாளி பங்கு.

இதில் நிலத்துக்கு என்று ஒரு பைசா எங்கேயாவது இருக்கிறதா பாருங்கள். இல்லை. நிலம் சும்மா கிடைக்கும் என்ற நினைப்பில் போட்ட கணக்கு இது. சும்மா கிடைப்பது எது? புறம்போக்கு. டவுனுக்குள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் புறம்போக்கு எங்கே மிச்சம் இருக்கிறது, இருந்தாலும் அதை பார்க்கிங்குக்கும் வணிக வளாகத்துக்கும் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் யாருக்கும் வேண்டாத சரிவு ஒன்று 11 கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும், சரி இங்கேயே கட்டு என்று ஃபைல் நகரும். எந்த இடம் என்று ஒருவரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை அம்மிணி, விலை இல்லாத நிலம் எங்கே இருக்கிறதோ அதுவே முடிவாகிவிடுகிறது. நான் வேலையில் இருந்தபோது அப்படிப்பட்ட இடங்களுக்கு அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இங்கே பஸ் வருமா என்று ஒரு குறிப்புகூட எழுதவில்லை, அந்தப் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. இப்போது நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இரண்டாவது விஷயம் மலையின் சட்டம். 1993 விதிகளின்படி இங்கே கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, பெரிய கட்டடம் என்றால் மேல் அனுமதி, அதற்கும் மேல் ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம். இந்த விதி வேண்டும், நான் அதற்கு விரோதி இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். சென்னையில் ஸ்டேஷன் பக்கம் நிலம் விலை அதிகம் என்றால் பத்து மாடி ஏற்றி அந்த விலையைப் பத்தாக வகுத்துவிடலாம். மத்திய அரசு 2017-இல் போக்குவரத்தை ஒட்டிய வளர்ச்சிக் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்தது, ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டருக்குள் மாடிகளைக் கூடுதலாக அனுமதித்து, அப்படிக் கூடுகிற நில மதிப்பில் ஒரு பங்கை அரசு எடுத்து வேறு வேலைக்குச் செலவழிக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. நமக்கு அது உதவாது, இரண்டு மாடிக்கு மேல் விற்க ஒன்றும் இல்லை. அந்த 800 மீட்டரும் சமவெளி 800 மீட்டர், உங்கள் 164 படியை அவர்கள் கணக்கில் ஒரு எட்டாகக்கூட எண்ண மாட்டார்கள்.

மூன்றாவது, இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். அந்த இரண்டாம் கட்டத் திட்டத்தில் இமாச்சல், உத்தராகண்ட், வடகிழக்கு மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு வீட்டுக்கு 2 லட்சத்து 25 ஆயிரம். மலை, செலவு அதிகம் என்று கொடுக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் மலையா இல்லையா என்பதை மாநிலத்தை வைத்துப் பார்க்கிறார்கள். சமவெளியில் இருக்கிற ஹரித்வாருக்கு 2.25, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊட்டிக்கு 1.5. மணலும் கம்பியும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வர வேண்டும், லாரி நிற்கிற இடத்திலிருந்து தலைச்சுமை, அப்புறம் தடுப்புச் சுவர். வீட்டுக்குக் கீழே மண்ணில் புதைகிற காசு வீட்டுக்கு மேலே தெரிவதைவிட அதிகமாகிவிடும் சில இடங்களில்.

பயனாளி பங்கு பற்றி: 3 லட்சம் கடன் வாங்கினால் 9 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு மாதம் சுமார் 3,040 ரூபாய் வரும். வாடகையைவிடக் குறைவுதான், ஆனால் வங்கி உங்களுக்குக் கொடுக்க வேண்டுமே. அந்த இரண்டாம் கட்டத் திட்டத்தில் வட்டி மானியம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீதம், மொத்தம் ஒரு லட்சத்து 80 ஆயிரம் வரை ஐந்து தவணையில் கணக்கில் வரும். கடன் கிடைத்தவருக்குத்தான் மானியம், கையில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதே பாடு. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்கு வீடு ஒதுக்கியபோது அந்தப் பயனாளி பங்கை அரசே ஏற்றுக்கொண்டது. தனியார் எஸ்டேட்டில் ஓய்வு பெறுகிறவர்களுக்கும் அதே மாதிரி செய்யுங்கள் என்று மனுவில் கட்டாயம் எழுதுங்கள்.


கூடலூர் பதினேழு:

ஓவர்சியர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அக்காவுக்கு பஸ் இல்லாத இடத்தில் வீடு. எங்களுக்கு பஸ் வாசலில் நிற்கிறது, மைசூர் ரோட்டிலிருந்து இருபது அடி, ஆனால் வீடு கட்ட ஒரு ரூபாய் மானியம் வாங்க முடியாது, பட்டா இல்லை. 1969-இல் ஜென்மம் என்ற பழைய ஜமீன் மாதிரி நில உரிமையை ஒழிக்கச் சட்டம் வந்தது, நாங்கள் குடியிருப்பது அதன் 17-ஆம் பிரிவில் வருகிற நிலம், அதன் உரிமை இன்னும் தீரவில்லை. என் தாத்தா சிலோனிலிருந்து சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர், அப்பா அதே மண்ணில் பிறந்தார், நானும் பிறந்தேன், ஷீட் போட்ட கூரை இன்னும் மாறவில்லை. தானே கட்டிக்கொள்கிற திட்டத்துக்கு முதல் காகிதமே பட்டா. போக்குவரத்து பக்கத்தில் ஏழைக்கு வீடு என்று பேசும்போது எங்களை மாதிரி ஏற்கெனவே ரோட்டோரம் இருக்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். எங்களுக்குப் புது நிலம் வாங்கித் தர வேண்டாம், இருக்கிற இடத்துக்கு ஒரு காகிதம் வேண்டும், அதைக் கொடுத்தால் அந்த இரண்டரை லட்சத்தை நாங்களே போய் வாங்கிக் கட்டிக்கொள்வோம்.


கோத்தகிரி டு சான் ஹோசே:

நான் கோத்தகிரிக்காரன், 14 வருடமாகக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இங்கேயும் ஸ்டேஷன் பக்கத்தில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் இரண்டு மணி நேரப் பயணத் தூரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள் ஏராளம், அதனால் இதைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். இங்கே செய்ததை அப்படியே அங்கே செய்ய முடியாது, பண அளவே வேறு. ஆனால் இரண்டு விஷயம் நம் மலைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, ஓவர்சியர் ஐயா சொன்ன நிலப் பிரச்சினை. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 2011-இல் நிலத்துக்கு என்றே தனியாக ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். மொத்தம் 5 கோடி டாலர். அதில் ஒரு கோடியை வட்டாரப் போக்குவரத்து ஆணையம் போட்டது, நன்றாகக் கவனியுங்கள், வீட்டுத் துறை அல்ல, பஸ், ரயிலுக்குத் திட்டம் போடுகிற அமைப்பு. நஷ்டம் வந்தால் முதலில் தன் காசு போகட்டும் என்று அது முன்னால் நின்றதால் வங்கிகளும் அறக்கட்டளைகளும் மீதியைப் போட்டன. லாப நோக்கமில்லாத அமைப்புகள் அந்த நிதியில் கடன் வாங்கி ஸ்டேஷன் பக்கத்தில் நிலம் விற்பனைக்கு வரும்போதே பிடித்துப் போட்டுவிடும், அப்புறம் நிதானமாக வீட்டு மானியங்களுக்கு விண்ணப்பித்துக் கட்டி, கடனை அடைக்கும். அடைந்த பணம் அடுத்த நிலத்துக்குப் போகும். ஏழைக்கு வீடு கட்டுகிறவர் மானியம் வரும் வரை காத்திருந்தால் அதற்குள் நிலம் ஹோட்டல்காரர் கைக்குப் போய்விடும், குன்னூரிலும் நடப்பது அதுதானே.

இன்னொன்று, கலிஃபோர்னியா மாநிலம் கரிம உரிமங்களை, அதாவது தொழிற்சாலை போன்றவை கரியமில வாயுவை வெளியே விடுவதற்கான உரிமங்களை, ஏலம் விடுகிறது. அந்த ஏலப் பணத்தில் 20 சதவீதத்தை ஏழைகளுக்கான வீடும் பஸ் வசதியும் சேர்ந்த திட்டங்களுக்கு ஒதுக்க 2014-இல் சட்டம் போட்டார்கள். ஒரே விண்ணப்பத்தில் வீடு, அங்கிருந்து ஸ்டாப்புக்கு நடைபாதை, தெருவிளக்கு, கூடுதல் பஸ் எல்லாவற்றுக்கும் பணம் கேட்கலாம், சொல்லப்போனால் கேட்டே ஆக வேண்டும். ஸ்டாப்பிலிருந்து அரை மைலுக்குள் வீடு இருக்க வேண்டும். கட்டிய வீட்டின் வாடகை 55 வருடத்துக்கு ஏழைகளுக்கு என்று வைத்த வரம்பைத் தாண்டக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். குறையும் உண்டு. விண்ணப்பிக்கிறவர்கள் நிறைய, கிடைப்பது கொஞ்சம். ஒரு வீடு கட்டவே பல லட்சம் டாலர் ஆகிறது, நாலைந்து இடங்களிலிருந்து பணம் சேர்க்க வேண்டியிருப்பதால் அடித்தளம் போடவே வருடக்கணக்கில் இழுக்கிறது.

என் அம்மா கோத்தகிரியில் ஸ்கூல் ஆயாவாக இருந்தார். பஸ் ஸ்டாண்ட் பின்னால் ஒற்றை அறை வீடு, 90 ரூபாய் வாடகை. அந்த இடத்தில் வீடு இருந்ததால்தான் ஆறரை பஸ்ஸில் நான் குன்னூர் காலேஜ் பக்கம் போய் டியூஷன் படிக்க முடிந்தது. இன்று அந்த வரிசை முழுக்க லாட்ஜ்.


கேத்தி பள்ளத்தாக்கு:

எல்லாம் சரி. ஆனால் ஒரு எச்சரிக்கையோடுதான் பேச வேண்டும். 2009 நவம்பரில் நான் இங்கே இருந்தேன். இரண்டு மூன்று நாள் பெய்த மழையில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீட்டோடு மண்ணுக்குள் போனவர்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே உண்டு. ஒவ்வொரு மழைக்கும் மாவட்ட நிர்வாகம் 283 இடங்கள் அபாயமானவை என்று பட்டியல் சொல்கிறது. ரோட்டோரம் என்பதற்காகச் சரிவை வெட்டி வீடு கட்டினால் பஸ் வசதிக்காக உயிரைக் கொடுத்த கதையாகும். ரயில் ஸ்டேஷன்களைச் சுற்றியும் புதிதாக எழுப்புவது சுலபமில்லை, 2005-இலிருந்து அந்தப் பாதையே யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அதுவுமில்லாமல் மலை ரயிலில் ஒரு நாளைக்குச் சில வண்டிதான், அது இப்போது டூரிஸ்ட்டுக்கான ரயில். மலையில் பொதுப் போக்குவரத்து என்றால் பஸ்தான்.

நான் சொல்வது இருக்கிற கட்டடத்தைப் பாருங்கள் என்பது. ஊட்டி, குன்னூர் டவுனுக்குள் பல அரசுத் துறைகளின் பழைய குவார்ட்டர்ஸ் ஓடு உடைந்து, கதவில் புல் முளைத்துக் கிடக்கிறது. நிலம் உறுதியானது, நூறு வருடமாக நின்ற இடம், ரோடு, தண்ணீர், சாக்கடை எல்லாம் ஏற்கெனவே உண்டு. 2020-இல் மத்திய அரசு அரசு காசில் கட்டிப் பூட்டிக் கிடக்கிற வீடுகளை வாடகைக் குடியிருப்பாக மாற்ற ஒரு திட்டம் போட்டது, சண்டிகரிலும் சூரத்திலும் அப்படிச் செய்தார்கள். இப்போதைய இரண்டாம் கட்டத் திட்டத்திலும் வாடகை வீட்டுக்கு என்று தனிப் பிரிவு இருக்கிறது. விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். விற்றால் பத்து வருடத்தில் அதுவும் டூரிஸ்ட் காட்டேஜ் ஆகிவிடும், இதை நான் என் தெருவிலேயே பார்க்கிறேன்.


நடத்துநர் 22 வருடம்:

பஸ் பக்கத்துக் கதையை யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். தங்கச்சி சொன்ன மாதிரி குடியிருப்புகளுக்கு நான் டியூட்டி போயிருக்கிறேன்.

ஏன் கடைசி ட்ரிப் ஏழு பத்து? அதற்கு மேல் போனால் திரும்பி வரும்போது வண்டி காலி. போகும்போது 12 பேர், வரும்போது நானும் டிரைவரும். அந்த மாதிரி ரூட்டுக்கு நைட் ஹால்ட்தான் வழி, ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி அங்கே போய் நின்று, காலையில் ஆறு மணிக்கு முதல் ட்ரிப் அங்கிருந்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் கடைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரி ஷிப்ட், காலேஜ் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆகும். ஏன் செய்யவில்லை என்றால் இரண்டு காரணம், இரண்டும் சின்னக் காரணம். ஒன்று, அங்கே பஸ் திரும்ப இடம் இல்லை. குடியிருப்பு கட்டும்போது கார் திரும்புகிற அளவுக்குத்தான் ரோடு போட்டார்கள், வண்டியைத் திருப்ப ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் மூன்று ரிவர்ஸ் எடுக்க வேண்டும், பனி இறங்கினால் எந்த டிரைவரும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. இரண்டாவது, எங்களுக்குப் படுக்க இடம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் பஸ் சீட்டில் படுத்திருக்கிறேன், விடியும்போது கண்ணாடிக்கு உள்ளே பனி ஊறி இருக்கும், சாக்கைச் சுற்றிக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுவோம். நூறு வீடு கட்டுகிற இடத்தில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை, ஒரு கக்கூஸ், வெந்நீருக்கு ஒரு பிளக் பாயின்ட். இதற்கு என்ன பெரிய செலவு? வீட்டுத் திட்டத்தின் எஸ்டிமேட்டிலேயே இதைச் சேர்த்துவிட்டால் ராத்திரி பஸ் கேட்டு ஒருவரும் அலைய வேண்டியதில்லை. கட்டி முடித்து, குடிவந்து, மனு கொடுத்து, அப்புறம் எங்கள் துறைக்கு எழுதினால் அந்த ஃபைல் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். விடியல் பயணம் 2021-இல் சமவெளியில் வந்துவிட்டது, மலைக்கு 2024-இல்தான் வந்தது. அதற்குப் பிறகு பெண்கள் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடியிருக்கிறது, முன்பு ரெண்டு ஸ்டாப்பை நடந்தே கடந்த அம்மாக்கள் இப்போது ஏறுகிறார்கள். கட்டணமில்லாச் சீட்டும் சீட்டுதான், கிழித்துக் கொடுத்தால் கணக்கில் ஏறும். உங்கள் ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. தயவுசெய்து எல்லோரும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ட்ரிப் கூட்டச் சொல்லி எழுதும்போது அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள், கொடுப்பார்கள்.


பழைய ஓவர்சியர் (ஊட்டி):

நடத்துநர் தம்பி சொன்னதை நான் வேலையில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் அந்த அறையை எஸ்டிமேட்டில் நானே சேர்த்திருப்பேன். முப்பது வருடத்தில் ஒரு முறைகூட டெப்போவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டியதில்லை.

கோத்தகிரித் தம்பிக்கு ஒரு பதில். நிலத்துக்கு நிதி என்பது இங்கே அடியோடு இல்லாத விஷயம் இல்லை. பெரிய கட்டடம் கட்டுகிறவர்களிடம் உறைவிடக் கட்டணம் என்று வசூலித்து, ஏழைகள் வீட்டுக்குப் பயன்படுத்துகிற ஏற்பாடு நம் மாநிலத்திலேயே உண்டு, தமிழ்நாடு உறைவிட நிதி என்றும் ஒன்று தொடங்கினார்கள், 2020-இல் உலக வங்கி மாநில வீட்டு வசதிக்கு 25 கோடி டாலர் வரை ஒப்புதல் கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. பெரிய கட்டடத்துக்கே இடமில்லாத மலையில் அந்தக் கட்டணம் எவ்வளவு தேறிவிடப் போகிறது, அதனால் மலைக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். எனக்கு ஒரு யோசனை. 2024 மே 7-இலிருந்து ஊட்டிக்கு வருகிற வெளி வண்டிகளுக்கு ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ். அதை ஆரம்பித்தபோது இலவசமாகவே கொடுத்தார்கள். அதோடு ஒரு சின்னக் கட்டணம் வைத்து, அதை இந்த மாவட்டத்தில் டவுனுக்குள் நிலம் வாங்கவும் பழைய குவார்ட்டர்ஸைச் சரிசெய்யவும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று அரசாணை போடலாம். டூரிஸ்ட் வந்ததால் வாடகை ஏறியது, வாடகை கொடுக்க முடியாமல் போனவருக்கு அந்த வருகையிலிருந்தே வீடு. இதில் யாருக்கும் அநியாயம் இல்லை.


லைன்வீட்டு மகள் (குன்னூர்):

ஐயா, அண்ணன்மார், எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பஸ் கண்டக்டர் படுக்க அறை வேண்டும் என்ற இடத்தில் மறுபடி படி என்றார்.

மனுவை இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன். ஓய்வு பெறுகிற தனியார் எஸ்டேட் தொழிலாளர்களுக்கும் பயனாளி பங்கை அரசே ஏற்க வேண்டும். குன்னூர் டவுனுக்குள் பூட்டிக் கிடக்கிற அரசு குவார்ட்டர்ஸின் பட்டியலை வெளியிட்டு, உறுதியான கட்டடங்களை வாடகைக் குடியிருப்பாக்க வேண்டும். இனி எந்தக் குடியிருப்புக்கு இடம் பார்த்தாலும் போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும், பஸ் திரும்ப இடமும் ஹால்ட் அறையும் எஸ்டிமேட்டில் இருக்க வேண்டும். 2.25 லட்சம் விஷயம் டெல்லிக்குப் போக வேண்டியது, அதை எம்.பி. அலுவலகத்துக்குத் தனியாக எழுதுகிறேன். கூடலூர்த் தம்பி, உங்கள் பட்டா விஷயத்தை என் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்தால் அது காணாமல் போகும், நீங்கள் தனியாக எழுதுங்கள், நான் அதில் கையெழுத்துப் போடுகிறேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளுக்குக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். எட்டு மணி பஸ்ஸில் ஊட்டி வருகிறேன். ஓவர்சியர் ஐயா, டவுனுக்குள் உள்ள குவார்ட்டர்ஸ் எவையெவை என்று உங்களுக்கு நினைவு இருக்கிறவற்றை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா?


பழைய ஓவர்சியர் (ஊட்டி):

குன்னூரில் பதினேழு இடம் நினைவிருக்கிறது, எழுதி வைக்கிறேன். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைப் பக்கம் ஒன்பது மணிக்கு நிற்பேன், பழுப்பு ஸ்வெட்டர், கையில் குடை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள், கலெக்டர் ஆபீஸ் ஏற்றத்துக்கு ஆட்டோ பேசி வைக்கிறேன்.